தீக்குச்சி – வால்டியூப் செட்: தொடக்கப் பள்ளிச் சவால் வகுப்புக்குத் தேறுமா?

“பன்னிரண்டு குச்சிதான். விரலால் அழுத்தினால் சாயாத ஒன்றைக் கட்டுங்கள்.” மாற்றுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கொடுக்கக்கூடிய அருமையான சவால் இது. பொருள் இரண்டே: தீக்குச்சி, சைக்கிள் கடையில் விற்கும் வால்டியூப் என்ற மெல்லிய ரப்பர் குழாய். ஐஐடி கான்பூரில் படித்த அரவிந்த் குப்தா, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் இருந்தபோது உருவாக்கிய செட். பெட்டியில் அழகாக வரும் கட்டுமான செட்டுகள் பல இருந்தாலும் இந்த வேலைக்கு இதையே வாங்கச் சொல்வோம்.

காரணம், இதன் இணைப்பு. ஐஸ் குச்சியும் பசையும் கொடுத்தால், பசை காய்ந்ததும் சதுரம்கூட விறைப்பாக நின்றுவிடும். தாங்குவது வடிவமா பசையா என்று பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. ரப்பர் அப்படி மறைக்காது. நான்கு குச்சியைச் சதுரமாகச் சேர்த்துத் தொட்டால் உடனே சாய்சதுரமாகிவிடும், முக்கோணம் அசையாது. பெரும்பாலான பிள்ளைகள் முதலில் வீடு மாதிரி கனசதுரம்தான் கட்டுவார்கள்: 12 குச்சி, குச்சிகள் சேரும் முனை 8. கையை எடுத்ததும் படுத்துவிடும். அதே 12 குச்சியில் எண்முகி கட்டினால், 6 முனை, முனைக்கு 4 குச்சி, எட்டு முகமும் முக்கோணம், கல் மாதிரி நிற்கும். இந்த விடையை ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் வகுப்பே வீண். செய்துகாட்ட வேண்டியது இணைப்பை மட்டும்தான்.

இரண்டு குச்சி இணைப்பு எளிது. 1.5 செ.மீ வால்டியூப் துண்டின் இரு பக்கத்திலும் குச்சியைச் செருக வேண்டும், நடுவில் இரண்டும் முட்டக் கூடாது. மூன்றாவது குச்சிக்கு, அந்த இடைவெளியில் ஊசியாலோ சீமைக்கருவேல முள்ளாலோ துளையிட்டு, கூராகச் சீவிய குச்சியை நுழைக்க வேண்டும். அதிகம் கெடுவது இங்கேதான். இடைவெளி விடாமல் செருகியிருந்தால் ஊசி மரத்தில் முட்டும், பிள்ளை பலமாகக் குத்தும், ரப்பர் கிழியும். காம்பஸ் முனை போடும் துளை பெரிது, குச்சி நிற்காது. நான்கு குச்சிக்கு 2 செ.மீ துண்டு இரண்டு வேண்டும். ஒன்றில் நடுவே துளையிட்டு, மற்றதில் கூர்க்குச்சியைச் செருகி அதையே ஊசியாக்கி, பாதித் தூரம் உள்ளே இழுத்தால் சிலுவை கிடைக்கும். இதற்குச் சின்ன விரல்களில் பலம் போதாது. குழுவுக்கு ஆறு வீதம் முந்தைய நாளே ஆசிரியர் செய்து வைப்பது நல்லது. மேசையில் சிலுவையைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும் என்பதால், கேட்டு வரும் குழுவுக்கு மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

வால்டியூப் வாங்கும்போது இழுத்துப் பாருங்கள். வெயிலில் தொங்கிய பழைய சரக்கு வெடித்திருக்கும் அல்லது பிசுபிசுக்கும், துளையிட்டதும் கிழியும். எண்முகி ஒன்றுக்கு 24 செ.மீ போகும், சேதாரத்தோடு குழுவுக்கு அரை மீட்டர். 24 பிள்ளைகள், மூவர் மூவராக எட்டுக் குழு என்றால் 4 மீட்டர் போதும்.

குச்சியில்தான் கொஞ்சம் வேலை. மெழுகுத் தீக்குச்சி வளையும், உதவாது, மரக்குச்சியே வேண்டும். மருந்து முனையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றாக நறுக்கி, துண்டுகளைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். மலிவான பெட்டிகளில் குச்சிகளின் தடிமன் ஒரே அளவில் இருக்காது. ஒல்லியானவை கழன்று விழும், பிள்ளை தன் வடிவம்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே பொறுக்கி எடுத்துக் கொடுங்கள். கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் இருப்பவர்கள் தீப்பெட்டித் தொழில் செய்பவர்களிடம் மருந்து வைக்காத குச்சி கேட்டுப் பார்க்கலாம், பாதி வேலை மிச்சம். உருண்டைப் பல்குத்தும் குச்சி சீராக இருக்கும், ஆனால் இரு முனையும் கண்ணுக்கு ஆபத்து, வெட்டிவிட்டே கொடுக்க வேண்டும்.

ஒரே 40 நிமிட வகுப்பில் முடிக்கப் பார்க்காதீர்கள். இணைப்புப் பழக ஒரு வகுப்பு, சவாலுக்குத் தொடர்ந்து இரண்டு. சோதனைக்கு நோட்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றலாம். குச்சி முறிவதற்கு முன் பெரும்பாலும் இணைப்பில் கழன்றுகொள்ளும், எந்த முனை முதலில் என்று குழுவே பார்த்து எழுதட்டும்.

கனசதுரத்தை விட மனமில்லாத பிள்ளை “நடுவுல குறுக்கே குச்சி வேணும்” என்று கேட்டு வந்தால் மறுக்காதீர்கள். 4 செ.மீ பக்கத்துக்கு மூலைக்கு மூலை ஏறக்குறைய 5.7 செ.மீ வரும், தீக்குச்சி எட்டாது, பல்குத்தும் குச்சி எட்டும். ஆறு முகத்துக்கும் ஆறு. நான்கு முனைகளில் தலா ஆறு குச்சி சேரும்படி குறுக்குகளை வைத்தால் உள்ளே நான்கு முக்கோண முகம் கொண்ட ஒரு நான்முகி தெரியும். அந்த ஆறு குச்சி இணைப்பு ஐந்தாம் வகுப்புக்கே சிரமம்தான். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு இந்த செட்டே வேண்டாம், முள்ளும் ஊசியும் அந்தக் கைகளுக்கு இல்லை.