யாழ்ப்பாணத்தில் கோதுமையும் பாலும் இல்லாமல்

எங்கள் மகனுக்கு ஓட்டிசம். குளுட்டனும் கேசீனும், அதாவது கோதுமை வகையும் மாட்டுப்பாலும், அவனுக்குக் கொடுப்பதில்லை. இந்தச் சாப்பாட்டால் ஓட்டிசம் மாறும் என்று நம்பி யாரும் இதை வாசிக்க வேண்டாம். ஓட்டிசத்தின் அடிப்படைத் தன்மைகளுக்காக இப்படிச் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல் எழுதுகிற நைஸ் (NICE) அமைப்பு 2013இலேயே எழுதிவிட்டது. நாங்கள் செய்வது அவனுடைய வயிற்றுக்காக, அதுவும் டயட்டீஷியன் கல்சியக் கணக்குப் பார்க்கிறபடியால்தான்.

லண்டனிலிருந்து ஊருக்குப் போனபோது விமானத்திலேயே தலையிடி தொடங்கிவிட்டது. குளுட்டன் இல்லாத சாப்பாடு பதிந்தால் பட்டரும் தயிரும் வரலாம், பாலே சேராத வீகன் சாப்பாடு பதிந்தால் பாண் வரலாம். இரண்டையும் சேர்த்துப் பதிய எங்கள் விமானத்தில் வழியில்லை. சோறும் கிழங்குப் பிரட்டலும் கட்டிக்கொண்டு ஏறினோம்.

ஊரில் பால் பக்கம் கரைச்சல் குறைவு. சொதி, குழம்பு, பால்க்கறி எல்லாம் தேங்காய்ப்பால்தானே. பால்மா போட்ட தேத்தண்ணி, தயிர், சைவக் கடையில் பருப்புக்கு மேல் விடுகிற நெய், இவற்றைப் பார்த்துக்கொண்டால் சரி.

மா பக்கம்தான் சிக்கல். தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் இடியப்பம், பிட்டு என்றால் அரிசி என்றுதான் நினைப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் அவித்த கோதுமை மாவைக் கலந்துதான் அவிப்பார்கள், முழுக்கக் கோதுமை மாவிலேயே அவிக்கிற இடமும் உண்டு. தோசைக்கும் உழுந்தோடு அதைத்தான் சேர்த்துக் கரைப்பார்கள். பருத்தித்துறை வடை, பனங்காய்ப் பணியாரம் எல்லாவற்றிலும் அது இருக்கும். லண்டனில் பைக்கற்றைத் திருப்பினால் கோதுமை, பால் எல்லாம் தடித்த எழுத்தில் தெரியும். பிட்டுக்கு எங்கே லேபல்?

ஒரு கடையில் சிவப்பாய்ப் பிட்டு இருந்தது. கோதுமை இருக்கா என்று கேட்டேன். "இல்லை அண்ணை, அரிசிமா" என்றான் பெடியன். கட்டப் போன நேரம் உள்ளே நின்ற அம்மா எட்டிப் பார்த்து, "ஒரு பிடி வெள்ளை மா போட்டாத்தான் தம்பி மெதுவா வரும்" என்றா. வெள்ளை மா என்றால் கோதுமை மாதான். பெடியன் பொய் சொல்லவில்லை, அவனுக்கு அது அரிசிமாப் பிட்டுத்தான், ஒரு பிடி மாவை யார் கணக்கில் எடுப்பது. அதற்குப் பிறகு நான் கோதுமை இருக்கா என்று கேட்பதையே விட்டுவிட்டேன். "என்ன என்ன மா, எத்தனைக்கு எத்தனை?" இதைச் சமைத்த ஆளிடம் கேட்க வேண்டும். இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று டக்கென்று பதில் வரும், மறைக்கிற பழக்கமே இல்லை.

அந்த வகையில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கிற அம்மாச்சி உணவகம் எங்களுக்கு நல்ல வசதி. சமைக்கிற பெண்களே விற்பதால் நேரே கேட்டுவிடலாம். ஆனால் தோசைக்கல் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதால் அவித்த சாப்பாட்டோடு நின்றுகொண்டோம். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையில் ஒடியல் மாவும் (காயவைத்த பனங்கிழங்கு மா) பனங்கட்டியும் வாங்கலாம். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு வடித்த பிறகுதான் அவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கைக்கும். மாமி அவித்துத் தந்த ஒடியல் பிட்டைத் தேங்காய்ப்பூவோடு மகன் விரும்பிச் சாப்பிட்டான். அதே மாவில் காய்ச்சிய கூழுக்கு, நண்டு மணத்திலேயே எழும்பி ஓடிவிட்டான், அது வேறு கதை.

சொந்தக்காரர் பற்றியும் சொல்ல வேண்டும். "ஒரு பிஸ்கட் என்ன செய்யும், பிள்ளை ஏங்குதெல்லே?" போகிற வீடெல்லாம் இதே கேள்வி. ஓட்டிசம், குளுட்டன் என்று விளக்கினால் இங்கிலீசு வருத்தம் என்று சிரிக்கிறார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு வசனம் சொல்லுங்கள், உடனே பிஸ்கட் தட்டு உள்ளே போய் வாழைப்பழம் வரும்.

கொழும்பில் சைனீஸ் கடைக்குப் போனால் சோயா சோஸைக் கவனியுங்கள். வழமையான சோயா சோஸில் கோதுமை இருக்கும், டெவல் கறி, பிரைட் ரைஸ் எல்லாவற்றுக்கும் அதைத்தான் ஊற்றுகிறார்கள்.

இன்னொன்று, தேங்காய்ப்பால் இருக்கிறதே என்று கல்சியத்தை விட்டுவிடாதீர்கள், அதில் அவ்வளவு கல்சியம் இல்லை. நெத்தலியை முள்ளோடு பொரித்துக் கொடுத்தோம். கல்சியம் சேர்த்த சோயாப் பாலில் மகன் ஒரே பிராண்டைத்தான் குடிப்பான், பெட்டி கொஞ்சம் மாறினாலே தள்ளிவிடுவான் என்பதால் லண்டனிலிருந்தே கொண்டுபோனோம். அதற்கே ஒரு சூட்கேஸ் போய்விட்டது. மாமிக்குச் சொக்லேட் வாங்குவதற்கு முதல் நிறையைப் பாருங்கள்.