எலியோடு வந்தால் திறக்காத பூனைக்கதவு: ஒரு இலையுதிர் காலம் முழுக்க வைத்துப் பார்த்தேன்

சமையலறைக் காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு. போன வருஷம் அக்டோபரில் மட்டும் 19 கோடு. அத்தனையும் எங்கள் பூனை மீனு வீட்டுக்குள் தூக்கிவந்த எலிகள். பாதிக்கு மேல் உயிரோடு வந்தவை.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸிட்டருக்கு வெளியே ஒரு சின்ன ஊர். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டு வேலி. அதில் ஹேசல் கொட்டைச் செடியும் பிளாக்பெர்ரி முள்ளும் பின்னிக் கிடக்கும். ‘வுட் மவுஸ்’ என்கிற காட்டுச் சுண்டெலிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வசந்தத்தில் தொடங்கி அக்டோபர் வரை குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். அதனால் இலை உதிர்கிற சமயத்தில்தான் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். கீழே விழுந்த கொட்டைகளைப் பொறுக்க அவை ராத்திரியில் வெளியே வருகின்றன. இருட்டும் சீக்கிரமே வந்துவிடுகிறது. மீனுவுக்கு வேறென்ன வேண்டும்?

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்து தங்கியிருந்தபோது ஒரு நாள் காலையில் என் மழை பூட்ஸுக்குள் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. சாய்த்துப் பார்த்தால் உள்ளே ஒரு எலி. உடம்பைவிடக் கண்கள்தான் முதலில் தெரிந்தன, மிளகை எண்ணெயில் தோய்த்து வைத்தது போல. காதில் வெளிச்சம் பட்டபோது உள்ளே ஓடுகிற நரம்புகூடத் தெரிந்தது. அடிபடவில்லை. வேலியோரம் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டோம். “அது உனக்குப் படியளக்குதுடி, திட்டாதே” என்றாள் அம்மா. அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிரிட்ஜுக்குப் பின்னால் செத்து நாறிய எலியைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போன பிறகு, பெரிய கதவில் பூனை போய்வர வைக்கிற இந்தச் சின்னக் கதவை வாங்கத் தீர்மானித்தேன். விலை 400 பவுண்டுக்குச் சற்றுக் கீழே.

வேலை செய்கிற விதம் இதுதான். பூனையின் தோலுக்கடியில் அரிசி மணி அளவுக்கு ஓர் அடையாளச் சிப் இருக்குமே, அதன் 15 இலக்க எண்ணைக் கதவு படிக்கும். நம் வீட்டுப் பூனை என்றால் மட்டும் திறக்கும். இந்த அளவு வேலையைச் சாதாரண சிப் கதவுகளும் செய்யும். இங்கிலாந்தில் 2024 ஜூன் 10 முதல் பூனைக்குச் சிப் கட்டாயம் என்பதால் அதற்குத் தனிச் செலவு இல்லை. கூடுதலாக, இதில் வெளிப்பக்கம் ஒரு கேமரா இருக்கிறது. இருட்டிலும் பார்க்கும். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வந்தால் கதவு பூட்டிக்கொள்ளும். நான் ஐந்து நிமிடம் என்று வைத்திருக்கிறேன். உடனே போனுக்கு ஒரு சின்ன வீடியோ வந்துவிடும்.

பொருத்துவதில்தான் பட்டோம். எங்களுடையது கண்ணாடிக் கதவு. ஏற்கெனவே மாட்டியிருக்கிற இரட்டைக் கண்ணாடியில் ஓட்டை போட முடியாது. ஓட்டையோடு சேர்த்துப் புதுக் கண்ணாடியே செய்து வாங்க வேண்டும். வந்தவர் முதல் தடவை அளவைத் தப்பாக எடுத்துவிட்டார். மூன்று வாரம் பிளைவுட் பலகையோடு காலம் தள்ளினோம். கண்ணாடிச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். வாடகை வீடென்றால் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, பலன்? இந்த அக்டோபரில் மீனு 22 தடவை எலியோடு வாசலுக்கு வந்திருக்கிறாள். 18 தடவை கதவு திறக்கவில்லை. நாலு எலி உள்ளே வந்துவிட்டது. அந்த நாலு வீடியோவையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். தலையைத் தாழ்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு வந்தால் கேமராவுக்கு வால் நுனிதான் தெரிகிறது; அதை அது கண்டுகொள்வதில்லை. இதற்கு நேர்மாறாக, வாயில் ஒன்றுமில்லாமலே ஆறு தடவை வெளியே நிறுத்திவிட்டது. ஒரு தடவை மீசையில் ஒட்டியிருந்த ஈர இலை. அன்றைக்கு நல்ல மழை. கதவுக்கு முன்னால் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. ஓடிப்போய்ப் பெரிய கதவையே திறந்துவிட்டேன். அப்புறம் வாசலுக்கு மேல் ஒரு சின்னக் கூரை போட்டோம். கதவோடு சேர்த்தே அப்படி ஒன்றைத் தந்திருக்கலாம்.

வாங்கும் முன் ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்தக் கதவால் வீடு சுத்தமாகும், வேட்டை குறையாது. வயிறு நிறைந்திருந்தாலும் பூனை வேட்டையாடும். பசி வேறு, அந்த உந்துதல் வேறு. எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் எங்கள் தென்மேற்கு இங்கிலாந்திலேயே 219 வீடுகளில் 355 பூனைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2021இல் வெளியிட்டார்கள். இறைச்சிப் புரதம் அதிகமுள்ள, தானியம் சேராத உணவு கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. கழுத்து மணியால் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. கலர் கலரான கழுத்துப்பட்டை உறையால் பிடிபட்ட பறவைகள் குறைந்தன, எலிகள் குறையவில்லை. நானும் முன்பு மணி கட்டிப் பார்த்தவள்தான். ஒரு கோடுகூடக் குறையவில்லை.

இப்போது சாயங்காலம் குச்சியில் இறகு கட்டி அவளை ஓடவிடுகிறேன். பாய்ந்து பிடித்ததும் கொஞ்ச நேரம் கவ்விக்கொள்ள விட்டுவிட வேண்டும், உடனே பிடுங்கக் கூடாது. உணவையும் மாற்றியாகிவிட்டது. இந்தக் கதவிலேயே பொழுது சாய்ந்ததும் வெளியே விடாமல் பூட்டுகிற வசதி இருக்கிறது. நவம்பரில் அதையும் போட்டேன். அந்த மாதம் வாசலுக்கு வந்ததே ஏழு. என்னைக் கேட்டால் கேமராவைவிட அந்தப் பூட்டுக்கே காசு கொடுக்கலாம். பூட்டு மட்டும் போதும் என்பவர்களுக்குச் சாதாரண சிப் கதவுகளிலும் அந்த வசதி கிடைக்கிறது, விலையும் பாதிக்குக் கீழே.

அப்படியானால் கேமரா எதற்கு? எனக்கு அந்த வீடியோ தேவைப்படுகிறது. கதவு திறக்காவிட்டால் மீனு எலியை மிதியடியில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். மூஞ்சூறாக இருந்தால் பெரும்பாலும் செத்துத்தான் கிடக்கும். கொன்றுவிட்டுத் தின்னாமல் போட்டுவிடுவாள். காட்டுச் சுண்டெலியில் அடிபடாதது நிறைய. போன் சத்தம் கேட்டதும் நான் கிளம்பிவிடுவேன். கதவுக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு கண்ணாடி டம்ளரும் பழைய பொங்கல் வாழ்த்து அட்டையும் எப்போதும் இருக்கும். டம்ளரை எலி மேல் கவிழ்த்து, அட்டையை அடியில் நுழைத்துத் தூக்கி, வேலியின் அந்தப் பக்கம் போய் விட்டுவிட்டு வருவேன். அதுவரை மீனு சமையலறையில் இருப்பாள்.