நுஃமானின் நூல்கள்: இலக்கணப் புத்தகத்தில் தொடங்குங்கள்

எம்.ஏ. நுஃமானின் புத்தகங்களை இலங்கையில் இரண்டு கூட்டம் வாசிக்கிறது. இரண்டுக்கும் இடையில் பேச்சுவார்த்தை குறைவு. ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ நூலைப் பரீட்சைக்காக வைத்திருப்பார்கள். அதை எழுதியவர் கவிஞர் என்றால் வியப்பார்கள். கவிதைக் கூட்டத்துக்கு ‘புத்தரின் படுகொலை’ மனப்பாடம்; இலக்கணம் என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்கள். நான் கிழக்கில் தமிழ் கற்பிக்கிறவன். முதல் கூட்டத்திலிருந்து இரண்டாவதற்குத் தாவியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இவரைப் புதிதாக வாசிக்க வருகிறவர்கள் இலக்கணத்தில் தொடங்குவதே நல்லது.

1999இல் முதலில் வந்த நூல் அது. நம் வகுப்பறைகளில் ஒரு விசித்திரம் உண்டு. நன்னூல் சூத்திரத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைக்கு, அன்றைய பத்திரிகையின் தலைப்புச் செய்தியில் எழுவாய் எது, பயனிலை எது என்று கேட்டால் வாய் அடைத்துவிடும். நுஃமான் மொழியியல் படித்தவர், யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அதனால் அவர் இன்று நாம் எழுதுகிற தமிழை எடுத்துக்கொண்டு அது எப்படி நடக்கிறது என்று பார்க்கிறார். எப்படி நடக்க வேண்டும் என்று பிரம்போடு நிற்பதில்லை. மரபிலக்கணத்தைத் தூக்கி எறிவதும் இல்லை. புணர்ச்சிக்கு வரும்போது நடை கொஞ்சம் வறண்டுவிடுகிறது என்பது என் குறை. அந்தப் பகுதியை எடுத்த எடுப்பில் மாணவர் கையில் கொடுக்க மாட்டேன். வாக்கியங்களைப் பற்றிய பகுதியைத்தான் முதலில் கொடுப்பேன்.

அங்கிருந்து நேராகக் கவிதைகளுக்குப் போங்கள். ‘நேற்றைய மாலையும் இன்றைய காலையும்’ என்ற கவிதை 1977ஆம் ஆண்டு யாழ் நகரைப் பற்றியது. நேற்று மாலை: சைக்கிளில் போகிறார்கள், பூபாலசிங்கம் புத்தக நிலையத்தின் முன்னால் நின்று பத்திரிகை புரட்டுகிறார்கள், பஸ் நிலையத்துச் சனத்தைப் பார்க்கிறார்கள். இன்று காலை: அதே தெருவில் காக்கி உடையும் துவக்கும். கவிதையில் எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். வந்தோம், நின்றோம், பார்த்தோம் என்று ஒவ்வொன்றும் வினைமுற்றில் போய் முடிந்து நிற்கிறது. ஐயோ என்ற கூச்சல் இல்லை, உவமை அநேகமாக இல்லை. வாக்கியத்தின் எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் சதையை அளந்து வைத்திருக்கிறார். இலக்கண நூலை வாசித்துவிட்டு வந்தால் இது பளிச்சென்று தெரியும்.

‘புத்தரின் படுகொலை’ இன்னும் பொல்லாதது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது எழுந்த கவிதை. சிவில் உடுப்பில் வந்த அரச காவலர்கள் புத்தரைச் சுட்டுவிடுகிறார்கள். நூலகப் படிக்கட்டருகே சடலம் கிடக்கிறது. இரவில் அமைச்சர்கள் வருகிறார்கள். பட்டியலில் இல்லாதவரை ஏன் சுட்டீர்கள் என்று கோபிக்கிறார்கள். அவர்களுடைய கவலை பட்டியலைப் பற்றியது மட்டுமே. இந்த இடத்தில் என் மாணவர்கள் எப்போதும் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வெட்கப்படுவார்கள். பிறகு பிணத்தை மறைக்க வேண்டுமே, தொண்ணூறாயிரம் புத்தகங்களை மேலே அடுக்கி, சிகாலோகவாத சூத்திரத்தைக் கொண்டு தீ மூட்டுகிறார்கள்.

எத்தனையோ பௌத்த நூல்கள் இருக்க, ஏன் அந்தச் சூத்திரம்? சிகாலன் என்ற இல்லறத்தான் ஒருவன் ஆறு திசைகளையும் கும்பிட்டு நிற்க, புத்தர் அவனுக்குச் சொன்ன உபதேசம் அது. கிழக்கு என்றால் பெற்றோர், தெற்கு என்றால் ஆசிரியர் என்று ஒவ்வொரு திசையையும் ஒரு மனித உறவாக்கி, யார் யாருக்கு என்ன கடமை என்று சொல்கிறது. துறவிகளுக்கு அல்ல, ஊரில் உறவோடு வாழ்கிறவர்களுக்கான பாடம். அதைக் கொண்டே நெருப்பு வைக்கிறார்கள். கவிதை இதை விளக்குவதில்லை. பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், அடியில் அகவல் ஓசையும் ஓடும். மரபில் ஊறி எழுத வந்தவர் என்பது காதுக்குத் தெரிந்துவிடும்.

‘அழியா நிழல்கள்’ தொகுப்பின் காதற் கவிதைகள் என்னை அவ்வளவாகப் பிடித்து நிறுத்தவில்லை. இளமைக்கு உரியவை, அங்கேயே இருக்கட்டும். 1983இல் வந்த ‘மழை நாட்கள் வரும்’ வேறு தரம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள்.

தொகுப்பாசிரியர் நுஃமானோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அ. யேசுராசாவோடு சேர்ந்து அவர் தொகுத்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ 1984இல் சென்னையில் க்ரியா வெளியீடாக வந்தது. மஹாகவி, முருகையன், நீலாவணன் தொடங்கிச் சேரன் வரைக்கும் வருகிற அருமையான தேர்வு. ஈழத்துக் கவிதை என்றால் என்ன என்று தமிழகத்து நண்பர்கள் கேட்டால் இன்றும் அதைத்தான் நீட்டுகிறேன். ஆனால் பதினொருவரில் தொகுத்தவர்கள் இருவருக்கும் இடம் கிடைத்திருக்கிறது, ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. இரண்டே ஆண்டில், 1986இல், சித்திரலேகா மௌனகுரு பெண் கவிஞர்களை மட்டும் வைத்து ‘சொல்லாத சேதிகள்’ தொகுத்துக் காட்டினார். அந்தச் சித்திரலேகாவும் மௌனகுருவும் நுஃமானும் சேர்ந்து 1979இலேயே ‘இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்’ எழுதியவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தொகுப்புகளையும் ஒன்றாக வைத்து வாசிப்பதுதான் முறை.

விமர்சன நூல்களில் 1987இல் வந்த ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ முக்கியமானது. தான் நிற்கிற பக்கத்தையே கேள்வி கேட்கிற குணம் அதில் இருக்கிறது. கொள்கை சரியாக இருந்தால் படைப்பும் சரி என்ற சோம்பேறித்தனத்தை விடமாட்டார். அழகை மட்டும் பார்ப்போம், மற்றதை மூடிவைப்போம் என்கிறவர்களையும் விடமாட்டார். அந்தக் காலத்துச் சண்டைகளின் பின்னணி தெரியாத இளம் வாசகருக்குச் சில பக்கங்கள் யாரோ வீட்டுத் தகராறு போல இருக்கும். பொறுமையாகக் கடந்துவிடுங்கள்.

அவர் தமிழில் தந்த ‘பலஸ்தீனக் கவிதைகள்’ பற்றி நான் பரிந்துரைக்க வேண்டிய தேவையே இல்லை. யாழ் நூலகம் எரிந்த அதே 1981இல் முதல் பதிப்பு வந்தது. பலஸ்தீனக் கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் நம் பக்கத்துக் கவிஞர்போல ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். பாடசாலையில் அந்தப் புத்தகத்தை மாணவர்களுக்கு இரவல் கொடுத்தால் ஒழுங்காகத் திரும்பி வருவதில்லை. இலக்கணப் புத்தகம் மட்டும் தவறாமல் திரும்பி வந்துவிடும்.

பழைய பதிப்புகள் சில ‘நூலகம்’ என்ற ஈழத்து மின்னூலக இணையத்தளத்தில் வருடப்பட்டுக் கிடைக்கின்றன. ஆனால் 1977இல் வந்த ‘தாத்தாமாரும் பேரர்களும்’ போன்ற நெடுங்கவிதைப் புத்தகத்தைத் திரையில் வாசித்தால் எனக்குக் கண்ணும் வலிக்கிறது, ஓசையும் அறுந்துபோகிறது. அச்சுப் பிரதி யாரிடமாவது இருந்தால் விலைக்குக் கேட்க மாட்டேன், இரவல் தந்தால் போதும்.