மே மாதச் சம்பளம்: சேலத்தில் பள்ளி வேலைக்குச் சேருமுன் ஒப்பிட வேண்டியவை

கோடை விடுமுறையில் ஆசிரியருக்குச் சம்பளம் உண்டா என்ற கேள்விக்குச் சேலம் மாவட்டத்தில் ஒரே விடை கிடையாது. அம்மாபேட்டையில் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்து, ஒரே வகுப்புக்கு ஒரே பாடத்தை நடத்தும் இருவரில் ஒருவருக்கு மே மாதமும் முழுச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிவிடும். மற்றவருக்கு ஏப்ரல் சம்பளத்தோடு வரவு நின்றுபோய், ஜூன் மாதச் சம்பளம் ஜூலை முதல் வாரத்தில்தான் கைக்கு வரும். விடுமுறை ஒரு மாதம்தான் என்றாலும், வீட்டு வாடகையையும் சீட்டுத் தவணையையும் பொறுத்தவரை அது இரண்டு மாத வறட்சி. ஆகவே, பி.எட். முடித்து வேலை தேடும் பிள்ளைகள் "மாதம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒப்புக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. எத்தனை மாதம் என்பதும், அந்த மாதங்களுக்கிடையே பணி அறுபடுகிறதா என்பதும் தொகையைவிடப் பெரிய கேள்விகள்.

முதலில், எல்லோரும் விரும்பும் அரசுப் பணி. இடைநிலை ஆசிரியருக்கு 20,600, பட்டதாரி ஆசிரியருக்கு 36,400, முதுநிலை ஆசிரியருக்கு 36,900 ரூபாய் என அடிப்படை ஊதியம் தொடங்குகிறது. அதன்மேல் அகவிலைப்படியும் மற்றப் படிகளும் சேரும். இது பன்னிரண்டு மாதச் சம்பளம். மே மாதத்துக்கென்று தனி விதியோ பிடித்தமோ இல்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளில் அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் இருப்பவர்களுக்கும் சம்பளம் அரசு மானியத்திலிருந்தே வருவதால் நிலைமை இதேதான். ஆனால் அதே உதவி பெறும் பள்ளியில் நிர்வாகமே தன் பணத்தில் நியமிக்கும் ஆசிரியர்களும் இருப்பார்கள். அவர்களைத் தனியார் பள்ளி ஆசிரியர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். பள்ளியின் பெயர்ப்பலகையைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. பணியிடம் எது என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

"வேலை செய்யாமலே அரசாங்கச் சம்பளம்" என்று மே மாதத்தில் கடைவீதியில் பேசுவார்கள். அது நியாயமான பேச்சு அல்ல. பிற அரசு ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு உண்டு. ஆசிரியர்களுக்கோ 17 நாள்தான். கோடை விடுமுறை இருக்கிறது என்பதற்காகவே அது குறைக்கப்பட்டிருக்கிறது. அந்த விடுப்பிலிருந்து ஆண்டுக்கு 15 நாளை ஒப்படைத்துப் பணமாகப் பெறும் வசதி 2020இல் நிறுத்தப்பட்டு, 2025 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. மே மாதச் சம்பளம் என்பது, ஆண்டு முழுவதும் எடுக்க முடியாத விடுப்புக்கும் சேர்த்துத் தரப்படும் ஊதியம் என்று கொள்வதே சரி.

அதே அரசுப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே நேர் எதிரான ஏற்பாடும் இருக்கிறது. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் போன்ற பாடங்களுக்கு 2012இல் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேருக்கு இடம் ஒதுக்கப்பட்டு, வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலைக்கு மாதம் 5,000 ரூபாய் என்று தொடங்கியது. பின்னர் 7,000, 7,700 என உயர்ந்து, 2021இல் 10,000, 2024இல் 12,500 என்றானது. தொகை இப்படிப் படிப்படியாக ஏறிய அத்தனை ஆண்டுகளிலும் மே மாதத்துக்கு மட்டும் ஊதியம் கிடையாது என்பதே நடைமுறையாக இருந்தது. அவர்களுடைய போராட்டங்களில் பணி நிரந்தரத்துக்கு அடுத்தபடியாக எழுந்த முழக்கம் மே மாதச் சம்பளம் என்பதில் வியப்பில்லை. அரசுக் கலைக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கும் மாதம் 25,000 ரூபாய் என்பது பதினொரு மாதக் கணக்கு. முனைவர் பட்டம் பெற்றவர் மே மாதத்தில் நகைக் கடன் வைக்கும் நிலை இதனால்தான் வருகிறது.

பள்ளி மேலாண்மைக் குழு வழியாகச் சேரும் தற்காலிக ஆசிரியர் பணி இன்னும் நிலையற்றது. 2022இல் இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுநிலைக்கு 12,000 என்று அறிவிக்கப்பட்ட தொகுப்பூதியம் பின்னர் 12,000, 15,000, 18,000 என்று உயர்ந்தது. ஆனால் நிரந்தர ஆசிரியர் வந்துவிட்டாலோ கல்வியாண்டு முடிந்தாலோ வேலையும் முடிந்துவிடும். அனுபவத்துக்காக ஓராண்டு போகலாம். அதை நம்பிக் குடும்பக் கணக்குப் போடக் கூடாது.

நம் ஊரில் பெரும்பாலான இளம் ஆசிரியர்கள் போய்ச் சேருவது தனியார் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில்தான் என்பதால் அங்குதான் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே நான்கு வகை வழக்கம் உண்டு. முழுச் சம்பளம் தந்து, மே மாதத்தில் பாதி நாள் சேர்க்கை வேலைக்கு வரச் சொல்வது ஒன்று. பாதிச் சம்பளம் தருவது மற்றொன்று. மே மாதத்துக்கு ஒன்றும் தராமல் ஜூனில் மறுபடி சேர்த்துக்கொள்வது மூன்றாவது. நான்காவதுதான் மிகவும் கொடியது: வேலை செய்து முடித்த ஏப்ரல் மாதச் சம்பளத்தையே நிறுத்திவைத்து, பள்ளி திறக்கும் நாளில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவோம் என்பது. வேறு பள்ளிக்குப் போய்விடாமல் கட்டிவைக்கும் வழி அது. உழைத்து ஈட்டிய பணத்தைப் பிணையாக வைத்துக்கொள்ள எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை.

சேர்க்கை வேலையையும் எளிதாக எண்ண வேண்டாம். மே மாத வெயிலில் துண்டறிக்கையோடு தெருத்தெருவாக வீடு ஏறி இறங்குவதும், இத்தனை பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. அந்த மாதச் சம்பளம் விடுமுறைச் சம்பளம் அல்ல, வேலைக்கான கூலி.

இனி, கையில் இரண்டு அழைப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பள்ளி மாதம் 15,000 வீதம் பன்னிரண்டு மாதம் தருகிறது. இன்னொரு பள்ளி 16,500 வீதம் பதினொரு மாதம் தருகிறது. முதலாவதில் ஆண்டுக்கு 1,80,000; இரண்டாவதில் 1,81,500. இரண்டாவதுதான் லாபம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வருங்கால வைப்பு நிதியை (பி.எஃப்.) சேர்த்துப் பாருங்கள். சம்பளம் அதற்கு மேல் இருந்தாலும் 15,000 ரூபாயை உச்சவரம்பாகக் கொண்டு கணக்கிட்டால், நிர்வாகம் செலுத்த வேண்டிய 12 விழுக்காடு மாதம் 1,800 ரூபாய். முதல் பள்ளியில் அது ஆண்டுக்கு 21,600, இரண்டாவதில் 19,800. இப்போது முதல் பள்ளி 2,01,600, இரண்டாவது 2,01,300. மாதம் 1,500 ரூபாய் கூடுதல் என்ற கவர்ச்சி ஆண்டு முடிவில் 300 ரூபாய் நஷ்டமாகிவிடுகிறது.

உண்மையான இழப்பு அதற்கும் அப்பால் இருக்கிறது. நிர்வாகத்தின் பங்கிலிருந்து 8.33 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மாத ஓய்வூதியம் பெற 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் விடுவித்து ஜூனில் புதிதாகச் சேர்த்தால், பத்துக் கல்வியாண்டு உழைத்தவருக்கு 110 மாதம்தான் கணக்கில் இருக்கும். அது ஒன்பது ஆண்டு இரண்டு மாதம். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் ஓராண்டாக முழுமைப்படுத்துவார்கள் என்பதால், அந்த இரண்டு மாதம் கைகொடுக்காது. பத்து ஆண்டு கரும்பலகை முன் நின்றவர் ஓய்வூதியத் தகுதிக்கு வெளியே நிற்பார்.

வேலையை விட்டு விலகும்போது கிடைக்க வேண்டிய பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) இதே இடத்தில்தான் அடிபடுகிறது. ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2009இல் சட்டம் திருத்தப்பட்டு, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும் என்று முன்தேதியிடப்பட்டது. தனியார் பள்ளிகள் எதிர்த்துச் சென்ற வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. 15,000 ரூபாய் வாங்குபவர் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றி விலகினால் ஏறத்தாழ 43,000 ரூபாய் கிடைக்க வேண்டும். "தொடர்ந்து" என்பதை உடைப்பதற்கென்றே ஏப்ரலில் ராஜினாமாக் கடிதம் வாங்கும் பழக்கம் இருக்கிறது. கோரிமேட்டில் இருந்து பேருந்தில் போய்வந்த ஓர் ஆசிரியை என்னிடம் காட்டிய கடிதத்தில் பெயரும் தேதியும் மட்டும் வெற்றிடமாக இருந்தன; "சொந்தக் காரணங்களுக்காக" என்பது முன்பே அச்சிடப்பட்டிருந்தது. அந்தக் காரணம் அவருடையது அல்ல என்பதற்கு அச்சே சாட்சி. ஆனாலும் கையெழுத்துப் போட்டபின் அதை மறுப்பது கடினம். அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் தொழிலாளர் ஆகமாட்டார் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், தொழிலாளர் நீதிமன்றத்தின் வாசல் நமக்குத் திறந்ததில்லை. எனவே கையெழுத்துக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

ஏற்காட்டு உறைவிடப் பள்ளிகளை ஒப்பிடும்போது சம்பளத்தோடு சாப்பாட்டையும் தங்குமிடத்தையும் சேர்க்க வேண்டும். பிள்ளைகள் ஊருக்குப் போய், உணவுக்கூடம் மூடப்படும் மே மாதத்தில் ஆசிரியர் அங்கேயே தங்கலாமா என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் சீசனில் மலைமேல் ஓர் அறை வாடகைக்குப் பிடிப்பது சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகாது.

அமெரிக்காவின் பல மாவட்டங்களில் ஆசிரியர் ஒப்பந்தம் ஏறத்தாழ பத்து மாத வேலைக்குத்தான். ஆனால் அந்தத் தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து வாங்கிக்கொள்ளும் வசதி பல இடங்களில் உண்டு. கோடையில் வேலை அறுபடுவதில்லை, பணம் மட்டும் பரவலாக்கப்படுகிறது. ஆண்டுத் தொகையைக் கூட்ட முடியாது என்று சொல்லும் நம் ஊர்த் தாளாளர்கள் இதையாவது செய்யலாம். 16,500 ரூபாயைப் பதினொரு மாதம் தருவதற்குப் பதில், அதே 1,81,500ஐப் பன்னிரண்டாகப் பிரித்து 15,125 வீதம் தந்தால், பள்ளிக்கு மே மாத வைப்பு நிதிப் பங்கு மட்டும்தான் கூடுதல் செலவு. ஆசிரியருக்கோ பணிக்காலம் முழுதாக நிற்கும்.

வெயிலால் பள்ளி திறப்பு தள்ளிப்போகும் ஆண்டுகளையும் மறக்க வேண்டாம். 2023இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டியது 12ஆம் தேதிக்கும், தொடக்க வகுப்புகளுக்கு 14ஆம் தேதிக்கும் போனது. 2024இல் ஜூன் 10இல்தான் திறந்தார்கள். சேர்ந்த நாளிலிருந்துதான் சம்பளம் என்ற பள்ளியில் இருப்பவர், மே மாதத்தோடு ஜூனிலும் கால்வாசிக்கு மேல் இழந்திருப்பார்.

என் பரிந்துரை இதுதான்: அரசுப் பணியோ உதவி பெறும் பணியிடமோ கிடைக்காதவரை, தொகை ஆயிரம் ஆயிரத்தைந்நூறு குறைந்தாலும் பன்னிரண்டு மாதப் பள்ளியையே தேர்ந்தெடுங்கள். பணிநியமன ஆணையில் மே மாதச் சம்பளமும் வைப்பு நிதியும் எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லும் தாளாளரிடம் எழுதித் தரும்படி பணிவோடு கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் பள்ளியில் ஏப்ரல் சம்பளமும் நிறுத்திவைக்கப்படலாம் என்று கருதி, அதன் 16,500ஐ ஆண்டுக்குப் பத்து மாதச் சம்பளம் என்றே கணக்குப் போட்டு, அதன்பின் மற்றதோடு ஒப்பிடுங்கள்.