திரும்ப விடப்போகிற மீனுக்கு இறாலா, லூரா?

எண்ணூர் முகத்துவாரத்தில் பத்து வருடமாக உயிர் இறாலை வைத்துத்தான் தூண்டில் போட்டேன். போன ஆடியில் லூருக்கு, அதாவது முள் கோத்த செயற்கை இரைக்கு, மாறிவிட்டேன். பிடிக்கிற கொடுவாவைத் திரும்ப விடுவது என்று முடிவு செய்ததுதான் காரணம்.

செலவெல்லாம் தெரிந்த கதை. இறால் மலிவு, தினமும் வாங்க வேண்டும். லூர் விலை அதிகம், சிப்பிப் பாறையில் மாட்டினால் போச்சு. கடி இறாலுக்குத்தான் அதிகம். வீட்டுக் குழம்புக்குப் பிடிப்பவர் இறாலை விட வேண்டியதில்லை.

திரும்ப விடுவதென்றால் நான் பார்ப்பது ஒன்றுதான், தூண்டில் முள் எங்கே குத்துகிறது என்பது. கொடுவா தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சி விழுங்கும். இறால் நிஜ இரை என்பதால் துப்பாது, நாம் தூண்டில் நரம்பைச் சுண்டுவதற்குள் முள் தொண்டைக்குப் போயிருக்கும். லூருக்கு மாறுமுன் நான் கடைசியாக இறாலில் பிடித்தது முக்கால் கிலோ இருக்கும். முள்ளை எடுப்பதற்குள் செவுளிலிருந்து ரத்தம் வடிந்து என் மணிக்கட்டு வரை வந்துவிட்டது, தண்ணீரில் விட்டால் நீந்தவில்லை, வெள்ளை வயிறு தெரிய ஒருக்களித்தபடியே இழுவையோடு போனது. அன்றைக்கு அதற்கு மேல் தூண்டில் போட மனசே வரவில்லை.

லூரை மீன் பாய்ந்து அடிக்கும், அடித்த கையோடு நாமும் சுண்டிவிடுவோம், அதனால் முள் பெரும்பாலும் உதட்டோரத்திலேயே நிற்கும். ஆனால் கடையில் வருகிற மூன்று முனை முள்ளோடு அப்படியே போடாதீர்கள். அதைக் கழற்றி ஒற்றை முள் மாட்டி, மீன் நழுவாமல் பிடிக்கிற எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே கழற்றலாம். வெளியே எடுத்தால் செவுள் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி மூச்சு நின்றுபோகும், போராடிய களைப்பு வேறு. பஹாமாஸில் போன்ஃபிஷ் என்கிற கடல் மீனை வைத்துச் செய்த ஆய்வில், திரும்ப விட்டதில் நிலை தடுமாறிப் போன மீன்களைத்தான் வேட்டை மீன்கள் அதிகம் பிடித்திருக்கின்றன.

லூருக்கு எதிராகவும் ஒரு விஷயம் உண்டு. நெதர்லாந்தில் பைக் என்கிற நன்னீர் வேட்டை மீன்களை வைத்துச் செய்து 1970-இல் வெளியான ஆய்வில், சுழலும் லூரில் ஒருமுறை மாட்டிய மீன்கள் அப்புறம் அதை ஒதுக்கின. உயிர் இரையை ஒதுக்கவில்லை. நம்ம கொடுவாவும் அப்படித்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், எனக்கு லூரில் ஒரு வருட அனுபவம்தான். ஆனால் ஒரே நிற லூரை ஒரே இடத்தில் நாலைந்து நாள் போட்டால், மீன் பின்னாலேயே வந்து கரையோரம் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். மீன் உஷாரானால் எனக்குத்தான் கடி குறையும், மீனுக்கு நல்லதுதானே. அதுவும் கொடுவா முதலில் ஆணாக இருந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இனம். பெரிதாக மாட்டுவது அநேகமாக முட்டையிடும் தாய் மீன்.

ஐப்பசி மழையில் தண்ணீர் கலங்கிவிட்டால் லூர் எடுபடாது. அப்போது இறால்தான், ஆனால் முனை உள்பக்கம் வளைந்த வட்ட முள்ளில். மீன் இழுக்கும்போது சுண்டாமல் ரீலை மெதுவாகச் சுற்றினால் போதும், முள் வாயோரத்தில் போய் மாட்டும். இதுவரை மூன்று மீன்தான் அப்படிப் பிடித்திருக்கிறேன், மூன்றும் நேராக நீந்திப் போயின.