ஸ்பைரோனோலாக்டோன்: பருவுக்கு நல்ல மருந்து, முடிக்குப் பொறுமை வேண்டிய மருந்து

மாதவிடாய்க்கு ஒரு வாரம் முன்னால் தாடையோரத்தில் வலியோடு திரளும் பரு, முகவாயில் தடித்து வளரும் முடி, வரவர அகலமாகும் வகிடு. பெண்களுக்கு வரும் இந்த மூன்று தொல்லைகளுக்கும் தோல் மருத்துவர்கள் எழுதித் தரும் ஆண்ட்ரோஜன் (ஆண்தன்மை ஹார்மோன்) தடுப்பு மாத்திரைகளில் முதலில் வருவது ஸ்பைரோனோலாக்டோன். எங்கள் மதிப்பீட்டில் பருவுக்கு இது நல்ல மருந்து. முகமுடிக்குப் பரவாயில்லை. தலைமுடி உதிர்வுக்கு ஓரளவுதான் கைகொடுக்கும்.

மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பிரித்தால் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, உடலில் நீர் கோத்துக்கொள்வது என்றுதான் இருக்கும். பருவைப் பற்றிப் பேச்சே இருக்காது. வேறு யாருக்கோ உள்ள மருந்து கைமாறி வந்துவிட்டதோ என்று பயந்து பலர் முதல் நாளே நிறுத்திவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம். 1960 வாக்கில் புழக்கத்துக்கு வந்த நீர் மாத்திரை இது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுப்பதற்காக உருவானது, ஆண்ட்ரோஜன் போய் ஒட்ட வேண்டிய இடத்தையும் அடைத்துக்கொள்வது பிறகு தெரியவந்தது. எண்ணெய்ச் சுரப்பிக்கு வரும் கட்டளை குறைகிறது, தோலில் எண்ணெய் வடிவது குறைகிறது, பரு அடங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் ஆண்ட்ரோஜன்களில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருப்பவர்களுக்கும் இது வேலை செய்வது இதனால்தான். பல பெண்களுக்கு ஹார்மோனின் அளவு சரியாகவே இருக்கும். அந்த அளவுக்கே சுரப்பி அதிகமாகத் துள்ளுவதுதான் சிக்கல்.

மாத்திரை 25, 50, 100 மி.கி. அளவுகளில் கிடைக்கிறது. பருவுக்கு 25 அல்லது 50-இல் தொடங்கி, தாங்கிக்கொண்டால் 100 வரை ஏற்றுவது வழக்கம். முகமுடிக்கும் தலைமுடிக்கும் 100 முதல் 200 வரை போக வேண்டியிருக்கும். காலை உணவோடு சாப்பிடுவது நல்லது. உணவோடு போனால் மருந்து நன்றாக உடலில் சேரும். இரவில் போட்டால் சிறுநீர் கழிக்க நடுராத்திரியில் எழ வேண்டிவரும். மாத்திரையின் மூலக்கூறில் கந்தகம் இருப்பதால் பட்டையைக் கிழிக்கும்போது சில தயாரிப்புகளில் ஒரு வாடை அடிக்கும். அதை மறைக்கப் புதினா மணம் சேர்த்த தயாரிப்புகளும் உண்டு. இரண்டில் எது மூக்கில் ஏறினாலும் மருந்து கெட்டுப்போனதாக அர்த்தமில்லை.

இந்த மருந்தைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி காலக்கணக்கைச் சார்ந்தது. ஆறு வாரம் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். ஆறு வாரத்தில் நடக்காதுதான். பிரிட்டனில் 410 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில் முதல் ஆறு வாரம் 50 மி.கி., பிறகு 100 மி.கி. கொடுத்தார்கள். 12-வது வாரத்தில், பரு குறைந்ததாகச் சொன்னவர்கள் மருந்துக் குழுவில் 72 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 68. வித்தியாசமே இல்லை என்று சொல்லிவிடலாம். 24-வது வாரத்தில் அது 82-க்கு 63 ஆனது. அதனால் பருவுக்கு மூன்று மாதத்துக்கு முன் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆறு மாதம் கொடுத்துப் பார்ப்பதே நியாயம். ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், மாதவிடாய்ச் சுழற்சியின் அதே நாளில், மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள். சுழற்சியின் வேறு வேறு நாள்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் மருந்து வேலை செய்ததா, பரு தானாக ஏறி இறங்கியதா என்று பிரித்துப் பார்க்க முடியாது.

முகமுடியின் கணக்கு வேறு. தடித்து வளர்ந்துவிட்ட முடியை இந்த மாத்திரை உதிர்க்காது. அந்த முடி தன் சுற்றை முடித்துவிட்டு அடுத்து முளைக்கும்போதுதான் மெலிந்து வரும். குறைந்தது ஆறு மாதம் ஆகும். அதுவரை த்ரெட்டிங், லேசர், எலக்ட்ரோலிசிஸ் எதையும் விட வேண்டியதில்லை. ஒரு த்ரெட்டிங்குக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நாள் என்று குறித்து வைத்தால் முன்னேற்றம் தெளிவாகத் தெரியும். தலைமுடிக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும். உதிர்வு நிற்பதே அங்கே நல்ல பலன். அடர்த்தி திரும்ப, முடி வளர்க்கும் மருந்தான மினாக்சிடில் சேர்க்க வேண்டிவரும். இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்காமல் இந்த மாத்திரையை மட்டும் நம்புவது வீண்.

தொந்தரவுகளில் முதலில் வருவது மாதவிடாய்க் குழப்பம். மாதத்தில் இரண்டு முறை வரும், இடையில் துளித்துளியாகப் படும், சிலருக்குத் தள்ளிப்போகும். அளவு கூடக்கூட இதுவும் கூடும். அளவைக் குறைப்பதோ கருத்தடை மாத்திரையோடு சேர்த்துக் கொடுப்பதோ இதற்கு மருத்துவர்கள் செய்யும் வழி. மார்பகத்தில் வலி, தலைவலி, சட்டென்று எழுந்தால் தலைசுற்றல் ஆகியவையும் வரலாம். இயல்பாகவே இரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்கள் 25-இல் தொடங்குவது நல்லது.

இந்த மாத்திரை இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடுமோ என்ற பயம் பலருக்கு அளவுக்கு மீறி இருக்கிறது, சிலருக்கு இருக்க வேண்டிய அளவுகூட இல்லை. சிறுநீரகமும் இதயமும் நலமாக உள்ள இளம்பெண்ணுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்படாது. வயது கூடியவர்கள், நீரிழிவோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்குப் பரிசோதனை அவசியம். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் டிரைமெத்தோபிரிம் கலந்த ஆன்டிபயாடிக் இதோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்பில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதையும் தவிர்க்க வேண்டும்.

விட்டுக்கொடுக்கவே முடியாத நிபந்தனை ஒன்று உண்டு. கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்கள் நம்பகமான கருத்தடை இல்லாமல் இதைத் தொடவே கூடாது. வயிற்றில் இருப்பது ஆண் குழந்தை என்றால் பிறப்புறுப்பு வளர்ச்சியை இது பாதிக்கலாம். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் குறைந்தது ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி நிறுத்திவிட வேண்டும். பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ளவர்கள், எனக்குத்தான் மாதவிடாயே ஒழுங்காக வராதே என்று இந்த இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஒழுங்கற்ற மாதவிடாய் கருத்தடை ஆகாது. அதோடு, இந்த மாத்திரை நீர்க்கட்டியைக் கரைக்காது, இன்சுலின் சிக்கலையும் தீர்க்காது.

மற்ற ஆண்ட்ரோஜன் தடுப்பு மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சைப்ரோடிரோன் 2 மி.கி. கலந்த கருத்தடை மாத்திரை பருவுக்கும் முடிக்கும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. சைப்ரோடிரோனை மட்டும் தனியாக அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பு கூடுவதால் ஐரோப்பிய மருந்து முகமை 2020-இல் கட்டுப்பாடு விதித்தது. ஃபுளூட்டமைடு கல்லீரலைக் கடுமையாகக் கெடுக்கக்கூடியது. முகமுடிக்காக அதை எடுப்பதை நாங்கள் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டோம். 2020-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிளாஸ்கோடிரோன் 1% களிம்பு பருவுக்கு மட்டும். தினம் இருமுறை தடவ வேண்டும்.

ஸ்பைரோனோலாக்டோனை நிறுத்தினால் சில மாதங்களில் பரு திரும்பலாம், முடியும் மெல்லப் பழைய நிலைக்குப் போகும். பரு அடங்கிய பிறகு அளவைப் படிப்படியாகக் குறைத்து, எந்த அளவில் அடங்கியே இருக்கிறது என்று கண்டுபிடித்து அங்கேயே நிற்பது நல்ல முறை.

சில மாதங்களுக்குள் முடி வேகமாக வளர்ந்து, குரலும் கட்டையாகிக்கொண்டு வந்தால் இந்த மாத்திரையைக் கேட்டுப் போக வேண்டாம். சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் உடனே பார்க்க வேண்டும்.