ஏ.பி.ஐ. சால்ட்வாட்டர் மாஸ்டர் கிட்: அம்மோனியாவுக்காக வாங்கலாம், மற்றதற்கு?

புதிதாக ரீஃப் டேங்க் (பவளமும் கடல் மீனும் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி) போடுகிறவர்கள் கண்ணாடி, லைட், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் என்று தாராளமாகச் செலவு செய்துவிட்டு தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட் வாங்கும்போது மட்டும் கையை இறுக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு சார், ரெண்டு க்ளௌன் மீன் விட்டுடலாம்" என்று சென்னை கொளத்தூரில் ஒரு கடையில் என்னிடமே சொன்னார்கள். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது என்பதை அந்த அண்ணனிடம் யார் சொல்வது.

நம் ஊரில் இந்தக் கிட்டுக்குக் கூடுதல் அவசியம் ஒன்று இருக்கிறது. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, மன்னார் வளைகுடாவிலிருந்து உயிருள்ள பாறையை (பாக்டீரியா ஏற்கெனவே குடியேறிய பாறை, லைவ் ராக்) அள்ளி வருவது குற்றம். யாராவது "ஒரிஜினல் லைவ் ராக், தூத்துக்குடி சரக்கு" என்று காதில் ஓதினால் நடையைக் கட்டிவிடுங்கள். ஆக நம்மில் பெரும்பாலானோர் காய்ந்த பாறையில்தான் தொடங்குகிறோம். பாக்டீரியா துளிகூட இல்லாத பாறை, உப்பு கலந்த ஆர்.ஓ. தண்ணீர், அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்ல இந்தச் சொட்டு மருந்துக் குப்பிகளை விட்டால் வேறு சாட்சி இல்லை.

பெட்டியில் இருப்பது ஆறு குப்பிகள், மூடியுடன் நான்கு கண்ணாடிக் குழாய்கள், ஒரு நிற அட்டை. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.ஹெச். என்று நான்கு சோதனைகள். இதில் அம்மோனியாவுக்காக மட்டுமே இதை வாங்கலாம் என்பது என் கட்சி. 5 மி.லி. தண்ணீர், முதல் குப்பியில் 8 சொட்டு, இரண்டாவதில் 8 சொட்டு, நன்றாகக் குலுக்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருந்தால் மஞ்சளாகவே நின்றால் பூஜ்யம், பச்சை ஏற ஏற அம்மோனியா. குலுக்கும்போது மூடியைப் போடுங்கள், கட்டைவிரலால் அடைக்காதீர்கள், குப்பிகளில் இருப்பது தோலுக்கு நல்லதில்லை. சோதித்த தண்ணீர் சிங்க்குக்குத்தான், மறந்தும் டேங்க்குக்கு அல்ல.

பூஜ்யத்துக்கும் 0.25 பி.பி.எம்.முக்கும் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற அளவு) நடுவே கண் தடுமாறும். நிற அட்டையை வைத்துப் பார்க்கும் எந்தக் கிட்டிலும் இந்தத் தொல்லை உண்டு. ரீஃப் லைட்டின் நீல வெளிச்சத்தில் பார்த்தால் எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில், பால்கனியில், குழாயை அட்டையின் வெள்ளைப் பகுதிமேல் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். போனில் படம் எடுத்து நண்பர்களிடம் "இது என்ன கலர்?" என்று கேட்பது வீண் வேலை, கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றிவிடும். நான் செய்வது என்னவென்றால், அதே ஆர்.ஓ. தண்ணீரில் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீரை இன்னொரு குழாயில் எடுத்து அதே சொட்டுகளை விட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். உப்பிலேயே லேசாக அம்மோனியா இருந்தால் அதுவும் இதில் தெரிந்துவிடும்.

மீன் விடுவதற்கு முன்பே டேங்க்கில் அம்மோனியா போட்டு, அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்ப்பதைத்தான் சைக்கிளிங் என்கிறோம். அந்த அம்மோனியா எங்கிருந்து வரும் என்பது அடுத்தது. இறால் துண்டை அழுக விடுகிற பழைய முறை நாறும், அளவும் கையில் நிற்காது. லேப் தரத்து அம்மோனியம் குளோரைடு மேல். 100 லிட்டருக்கு ஏறக்குறைய 0.6 கிராம் போட்டால் 2 பி.பி.எம். வரும். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே உப்புதான், ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது, வேண்டாம். 5 பி.பி.எம்.முக்கு மேல் ஏற்றினால் பாக்டீரியாவே திணறும், அதிகம் போட்டால் சீக்கிரம் முடியும் என்பதெல்லாம் கிடையாது.

நைட்ரைட் சோதனை சுலபம், 5 சொட்டு, ஐந்து நிமிடம், வெளிர் நீலத்திலிருந்து ஊதா வரை. 2 பி.பி.எம். அம்மோனியா முழுவதும் நைட்ரைட்டாக மாறினால் கணக்குப்படி 5.4 பி.பி.எம். வரும், அட்டையோ 5இல் முடிந்துவிடும். அதனால் நடுக் கட்டத்தில் குழாய் அடர் ஊதாவாகவே நிற்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். நன்னீர் மீன் வளர்த்துவிட்டு வந்தவர்கள்தான் இதில் அதிகம் பயப்படுவார்கள். உப்புத் தண்ணீரில் குளோரைடு கொட்டிக் கிடப்பதால் நைட்ரைட் செவுள் வழியாக எளிதில் உள்ளே போக முடியாது, நன்னீரில் கொல்லும் அளவு இங்கே பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

நைட்ரைட்டின் உண்மையான தொந்தரவு நைட்ரேட் சோதனையைக் கெடுப்பது. இந்த வகைக் கிட்கள் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி, பிறகு அதைத்தான் அளக்கின்றன. தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் அதுவும் சேர்ந்து சிவப்பாகக் காட்டும். 2 பி.பி.எம். அம்மோனியாவிலிருந்து முழுதாக மாறினாலும் 7 பி.பி.எம். சொச்சம் நைட்ரேட்தான் வர முடியும். அட்டை 80ஐக் காட்டுகிறது என்றால் பாதி டேங்க்கைக் கொட்டிவிட்டு உப்பைக் கரியாக்காதீர்கள், நைட்ரைட் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை நைட்ரேட் குப்பிகளைத் தொடவே வேண்டாம். தொடும் நாள் வந்தால் இரண்டாவது குப்பியைக் கவனியுங்கள். அடியில் வண்டல் மாதிரி படிந்துவிடும், மேசை விளிம்பில் நாலு தட்டு தட்டி அரை நிமிடம் விடாமல் குலுக்கினால்தான் சொட்டில் சரக்கு வரும். சொட்டு விட்ட பிறகு குழாயையும் ஒரு நிமிடம் முழுதாகக் குலுக்க வேண்டும். சோம்பேறித்தனமாகக் குலுக்கினால் நைட்ரேட் எப்போதும் குறைவாகத்தான் தெரியும், மனசுக்கு மட்டும் சந்தோஷம்.

பி.ஹெச். குப்பி 7.4 முதல் 8.8 வரை காட்டும், போதுமானது. ஆனால் ஏ.சி. போட்டுக் கதவை மூடிய அறையில் நாலு பேர் தூங்கினால் கார்பன் டை ஆக்ஸைடு கூடி 7.8க்கு இறங்கும், காலையில் ஜன்னலைத் திறந்தால் ஏறும். இதற்கெல்லாம் பி.ஹெச். ஏற்றும் மருந்து வாங்காதீர்கள்.

இந்தப் பெட்டியில் இல்லாத ஒன்றுதான் சைக்கிளிங் சமயத்தில் பலருக்குப் பிடிபடாமல் போகிறது: காரத்தன்மை, அதாவது அமிலத்தைத் தாங்கிக்கொள்ளும் திறன், டி.கே.ஹெச். என்ற அலகில் சொல்வார்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது பாக்டீரியா அமிலத்தை வெளிவிடும், அது காரத்தன்மையைத் தின்னும். 2 பி.பி.எம். அம்மோனியாவுக்கு அரை டி.கே.ஹெச்சுக்குச் சற்று மேல் போகும். ஒரு தடவைக்கு இது பெரிதில்லை. மூன்று நான்கு தடவை மறுபடி மறுபடி அம்மோனியா போட்டால் 8இல் இருந்தது 6 பக்கம் வந்துவிடும், பி.ஹெச்சும் கூடவே இறங்கும், பாக்டீரியா வேலை மந்தமாகும், நாமோ கிட்டைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம். ஆகவே தனியாக காரத்தன்மை அளக்க ஒரு சாலிஃபெர்ட் கே.ஹெச். கிட்டோ, எண்ணாகவே காட்டும் ஹன்னா செக்கர் மீட்டரோ வாங்கியே ஆக வேண்டும். ரெட் சீ மரைன் கேர் கிட்டில் காரத்தன்மையும் சேர்ந்தே வருகிறது, ஒரே பெட்டியில் வேண்டும் என்பவர்கள் இரண்டின் விலையையும் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம். குறைந்தால் சமையல் சோடாவே போதும், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக.

எந்தக் கிட் வாங்கினாலும் ஊற்றும் தண்ணீர் சரியில்லை என்றால் எல்லாம் வீண். வீட்டு ஆர்.ஓ. மெஷின்களில் பலவற்றில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் என்று ஒரு திருகாணி இருக்கும், குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். ருசி நமக்கு, பாசி டேங்க்குக்கு. அதை முழுதாக மூடி, பின்னால் மிச்சம் மீதி உப்புகளை உறிஞ்சும் டி.ஐ. கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் போட்டு, டி.டி.எஸ். மீட்டரில் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள். போர் தண்ணீர்க்காரர்கள் இந்தக் கிட்டின் நைட்ரேட் குப்பியை முதல் வேலையாகக் குழாய்த் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் சோதித்துவிடுங்கள். அங்கே நைட்ரைட் குழப்பம் பெரும்பாலும் இருக்காது என்பதால் காட்டும் எண்ணை நம்பலாம். அப்புறம் உப்பு. உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பி.பி.டி. (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிபார்த்துவிட்டு ஒப்படர்த்தி 1.025, 1.026இல் நிறுத்துங்கள். சென்னை மே மாதத்தில் டேங்க்கின் மேல் ஃபேன் ஓடினால் தண்ணீர் சரசரவென்று ஆவியாகும், போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். தினமும் ஆர்.ஓ. தண்ணீரால் ஈடுகட்டவில்லை என்றால் டேங்க் நாளுக்கு நாள் உப்பேறிக்கொண்டே போகும், கிட்டில் அது எதுவும் தெரியாது.

சைக்கிள் முடிந்ததா என்பதற்கு என் அளவுகோல்: 2 பி.பி.எம். போட்டு 24 மணி நேரத்தில் அம்மோனியா மஞ்சளுக்குத் திரும்ப வேண்டும், நைட்ரைட்டும் கூடவே இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதைச் சொல்ல இந்தக் கிட் தாராளமாகப் போதும், நூறில் ஒரு பங்கு துல்லியம் அங்கே யாருக்கும் தேவையில்லை. கோரல் வைக்க ஆரம்பித்ததும் கதை வேறு. நைட்ரேட் 2க்கும் 10க்கும் நடுவே எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும், பாஸ்பேட் வேண்டும், கால்சியம், மெக்னீசியம் வேண்டும். இந்த அட்டையில் 0, 5, 10 என்று தாவும், பாஸ்பேட் கிடையவே கிடையாது. அந்த நேரத்தில் இதை அலமாரியில் வைத்துவிட்டு, மீன் ஏதாவது திடீரென்று மூச்சு வாங்கினால் மட்டும் அம்மோனியா குப்பியை எடுக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். கடையில் வாங்கும்போது குப்பியின் லாட் எண்ணைப் பாருங்கள், கடைசி நான்கு இலக்கம்தான் தயாரித்த மாதமும் வருடமும். மூன்று வருடம் தாண்டிய பெட்டியைத் தள்ளுபடியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.